வெறும் வண்டியின் எடை

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பழைய கிடங்கொன்றின் இரண்டாம் தளம், எங்கள் ஜிம்.
சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ, அதற்கு மேல் கூடாது
என்று பொறியாளர் எழுதித் தந்த தாளை
நாலாய் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்,
மருந்துச்சீட்டு மாதிரி.
எங்களுக்குக் கீழே ஒரு பல் வைத்தியர்.
போன கோடையில் கஜீபன்
நூற்றெண்பது கிலோவைத் தரையில் போட்ட நேரம்
அவர் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைத்
துளைத்துக்கொண்டிருந்தாராம்.
கடிதம் பதிவுத் தபாலில் வந்தது.

இன்று காட்சிக்கூடம்.
கால் அழுத்தும் எந்திரங்கள் வரிசையாய்ச் சாய்ந்து கிடக்கின்றன,
மல்லாந்த வண்டுகள்போல.
விற்பனையாளர் ஷ்டெப்லி
பற்றவைத்த தழும்பைத் தடவிக் காட்டுகிறார்,
கன்றுக்குட்டியை விற்க வந்தவர்போல.
குழாயின் தடிப்பு இவ்வளவு. உத்தரவாதம் இத்தனை வருடம்.
"ஆயிரம் கிலோ தாங்கும்."
என் பங்காளி பேயாட்
(பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சாதுவான மனிதர்)
ஒவ்வோர் எண்ணுக்கும் தலையாட்டுகிறார்.

நான் மலிவானதில் முதலில் ஏறிப் படுத்தேன்.
வண்டி தண்டவாளத்தில் இறங்குகையில்
உள்ளங்காலில் ஒரு நெறுநெறுப்பு,
சோற்றில் கல்.
கண்ணாடிக்குள் நிற்கும்போதே இப்படியென்றால்
எங்களிடம் நாளொன்றுக்கு இருநூறு பேர்,
பாதிப்பேர் துவாலை விரிக்காதவர்கள்.
வேண்டாம்.

அந்த ஆயிரம் கிலோக்காரன் அழகன்தான்.
சத்தமே இல்லை.
இடுப்பு பின்பலகையை விட்டு எழவில்லை,
பூட்டுக் கொம்பு கைக்கு எட்டும் தூரத்தில்.
இதே எந்திரத்தின் படத்தைக் கஜீபன்
காலையிலேயே அனுப்பியிருந்தான்: "அக்கா, இதுதான்."
ஷ்டெப்லி பேனாவை எடுத்துவிட்டார்.

கேட்டேன்:
தட்டு ஒன்றும் போடாமல், வெறும் வண்டி எத்தனை கிலோ?

அவருக்கு மனப்பாடமில்லை. புத்தகத்தைப் புரட்டினார்.
அதிகபட்சம் எல்லாப் பக்கத்திலும் கொட்டை எழுத்தில்.
இது மட்டும் கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில்,
கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி:
ஐம்பத்தெட்டு.

செவ்வாயும் வியாழனும் காலை ஏழு மணிக்கு உர்சினா வருவார்.
முப்பது வருடம் மலைப்பாதையில் தபால் பேருந்து ஓட்டியவர்.
முழங்கால் மாற்றி நாலு மாதம் ஆகிறது,
புதியதைப் "பயிற்சி ஓட்டுநர்" என்கிறார்.
வைத்தியர் எழுதிக் கொடுத்தது பதினைந்து கிலோ.
கஜீபன் கட்டும் அதே மாதக் கட்டணத்தைத்தான் அவரும் கட்டுகிறார்.
உண்மையைச் சொன்னால்
கஜீபன் இரண்டு மாதம் பாக்கி.

மூலையில் ஒன்று நின்றது.
எவருக்கும் பிடிக்காத செம்மஞ்சள் நிறம்,
போன பருவத்துச் சரக்கு.
பின்னால் எதிர்எடை தொங்குவதால்
வெறும் வண்டி பதினாலு கிலோதான்.
சுண்டுவிரலால் தள்ளலாம் என்று சொல்ல மாட்டேன்,
ஆனால் கோபமில்லாமல் தள்ளலாம்.
உச்சம் நானூற்றைம்பது.
"பெடியங்கள் சிரிப்பார்கள்" என்றார் பேயாட்,
பெடியங்கள் என்பதை மட்டும் தமிழில்.
சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டு
நானூற்றைம்பதை ஒருவனும் தள்ள முடியாது.

பொறியாளர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
எந்திரம் முந்நூற்றுப் பத்து, தட்டுகள், மேலே ஒரு தடித்த ஆள்,
எல்லாம் கூட்டிப் பரப்பால் வகுத்தால்
முந்நூறைத் தொடவில்லை.
பல் வைத்தியர் நிம்மதியாய்த் துளைக்கலாம்.

பிறகு பேரம்.
கால் எந்திரத்துக்குக் கால்வாசி கழிவு கேட்டேன்.
அதிலிருந்த சிலேடை எனக்கு மட்டும் இனித்தது.
ஷ்டெப்லி உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார்.
எட்டில் ஒன்று தருவதாகத் திரும்பி வந்தார்.
அரைக்கால்!
என்ன சொன்னேன் என்று இருவரும் பார்த்தார்கள்.
விளக்கவில்லை. கையெழுத்திட்டேன்.

நிறத்தை மாற்ற இன்னும் நானூறு பிராங்க் என்றார்,
அது அப்படியே இருக்கட்டும்.
கதவின் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர்;
துண்டுதுண்டாய்த்தான் ஏற்ற வேண்டும்.

வெளியே ஆரே ஆற்றின் மேல் மழை.
காரில் ஏறுமுன் போன் நடுங்கியது.
"அக்கா, எத்தனை கிலோ?"

பதினாலு என்று அனுப்பிவிட்டுக்
கண்ணாடித் துடைப்பானைப் போட்டேன்.